மாலை ஏற்காத சுவர்

நளி 18 (ஊர்வழக்கில் கார்த்திகை)

கடலை உழுது ஊருக்கு உணவளிக்கும் உழைப்பாளர் பெருமக்களே! கரையில் நின்று பெயர் சொல்லி அழைத்தே குரல் ஓய்ந்துபோன தாய்மாரே! நம் புன்னைக்குடித் துறையிலிருந்து ஆரோக்கியராணி என்னும் விசைப்படகு எண்மரை ஏற்றிக்கொண்டு சென்றது. புயல் வந்தது, படகு வரவில்லை. குமரிமுனைக்குத் தெற்கே வலைவிரித்த படகை, ஆள்வோர் கிழக்குக் கடலில் சில நாள் தேடினர். பிறகு கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டனர். காணாமற்போன கோழியைக்கூட இருட்டும்வரை தேடுவாள் நம் வீட்டுப் பெண். எட்டு உயிர்களைத் தேடுவதற்கு இவர்களிடம் எண்ணெய் தீர்ந்துவிட்டதா, இரக்கம் தீர்ந்துவிட்டதா?

நாளைய கூட்டத்துக்காக இவ்வளவும் எழுதினேன். தொண்டைக்கு அதிமதுரம் வாங்கவேண்டும். அடுக்களைக் கூரை ஒழுகுகிறது; மருமகள் பெல்சியா அண்டாவை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எண்மர் பெயரும் பேச்சில் வரவேண்டும். ஏழு எழுதிவிட்டேன்.

நளி 19

நல்ல கூட்டம். கைதட்டல் அலையோசையை வென்றது. பெல்சியா வரவில்லை.

நளி 22

கொச்சியில் நடக்கும் ஓவியப் பெருவிழாவுக்கு வந்திருந்த பிரேசில் நாட்டு அம்மையார் ஒருவர், செய்தித்தாளில் நம் துறையைப் பற்றி அறிந்து பேருந்து ஏறி வந்துவிட்டார். அகவை எழுபதைக் கடந்தவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, ஆண்களின் சட்டை, நகக்கண்களில் நீலச்சாயம். ஏலக்கூடத்து வாயிலில் நின்று பெயர் சொன்னார்: தால்வா மச்சாது.

அவ்வளவுதான். மீன்கூடைகளை வைத்துவிட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். காணாமற்போனவருள் ஒருவரான சூசையின் மனைவி மிக்கேலம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“ஏளா, மச்சாதாம்! நம்ம தெக்குத்தெரு மச்சாது வீட்டுப் பேரு! பங்கு கேட்டு வந்திருக்காளோ?”

“வெள்ளக்காரின்னு சொன்னாவ. நம்மளவிடக் கறுப்பா இருக்கா?”

“அங்கயும் வெயிலு அடிக்கும்லா!”

தெற்குத்தெரு மச்சாது வீடு என்றால் என் வீடு. திருமுழுக்கில் எனக்கு இட்ட பெயர் சவேரிமுத்து மச்சாது. இருபது அகவையில் அதைக் களைந்து கடற்கோ ஆனேன். அம்மையாரிடம் என் ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். “போர்த்துகீசியர் நம் தலையில் சுமத்திய பெயரை ஏன் சுமக்கவேண்டும்?” என்றேன்.

“எனக்கும் அவர்கள்தாம் இட்டார்கள். ஆனால் இந்தப் பெயரைக் கேட்டால்தான் என் தம்பி திரும்பிப் பார்ப்பான்” என்றார்.

பிறகு ஏலக்கூடத்தின் கடல்பார்த்த சுவரைத் தட்டிப்பார்த்து, இது தனக்கு வேண்டும் என்றார். எண்மரையும் வரைந்து தருகிறாராம். கூலி வேண்டாவாம், மூன்று வேளையும் மீன் வேண்டுமாம்.

நளி 24

காலையில் நியாயவிலைக் கடைக்குப் போனேன்; பருப்பு வரவில்லை. வழியில் அம்மையாரைக் கண்டேன். சுவரின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு தகட்டை எடுத்துச் சுரண்டினேன். கை ஓயும்வரை அவர் தம் கதையைச் சொன்னார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் இரண்டு முடவர் தோள்பற்றி நடப்பதுபோல நடந்தன. ஆயினும் ஊர் போய்ச் சேர்ந்தன.

அமேசானில் வந்து சேரும் ஆறொன்றின் கரையில் பிறந்தவர். அங்கே படகுகளே பேருந்துகள். அவற்றின் நெற்றியில் பெயரெழுதுவது தந்தையின் தொழில். எழுத்துக்குப் பின்னால் சிவப்பு நிழல், நிழலுக்குப் பின்னால் மஞ்சள் நிழல் என ஒவ்வொரு பெயரும் சுவரைவிட்டு எழுந்து நிற்குமாம். பத்து அகவையில் மகளும் தூரிகை எடுத்தார். தம்பி பெனெதித்து, சாயம் குழைத்துத் தருவான்.

நாட்டைப் படையினர் ஆண்ட காலம். உழவருக்கு ஆதரவாய் இருந்தான் என்று சொல்லி ஒரு நாள் அவனைப் படகிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். உடலும் வரவில்லை, சொல்லும் வரவில்லை. கேட்கப்போன தாயிடம், “அப்படி ஒருவனே இல்லை” என்றார்களாம்.

மறு ஆண்டு அவன் பிறந்தநாளில், ஊர்ச்சந்தைச் சுவரில் அவன் முகத்தைத் தால்வா வரைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு மீசையைத் தடிப்பாக்கினார். அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் அவனுக்கு ஓர் அகவை கூட்டிவருகிறார். நரைக்க வைத்தார். கண்ணாடி மாட்டினார். நெற்றியை ஏற்றினார். “அவன் தலை வழுக்கையானபோது என் தாய் என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. போன ஆண்டு ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டேன்” என்று சிரித்தார்.

நகராட்சியார் மும்முறை வெள்ளையடித்தார்கள். மும்முறையும் மீண்டும் வரைந்தார். படையாட்சி போனபின், பெருநகர அருங்காட்சியகத்தார் பாராட்டிக்கொண்டு வந்து, ஓவியத்துக்குக் கண்ணாடிப் பேழை இட்டு, அடியில் பிறப்பு ஆண்டும் இறப்பு ஆண்டும் பொறிக்க முனைந்தார்களாம். சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டு இரண்டு நாள் சிறையில் இருந்தார். அதன்பின் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஆள் வரத் தொடங்கியது: என் மகனை வரை, என் கணவனை வரை. அதுவே வாழ்நாள் தொழிலாயிற்று.

“நீங்கள் வரைந்த ஓவியங்களில் சிறந்தது எது?” என்று மேடைத்தனமாகக் கேட்டுவைத்தேன்.

“ஒன்றையும் நான் முடித்ததில்லை, மச்சாது” என்றார். நான் கடற்கோ என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் மச்சாதுதான்.

நளி 25

சுவருக்கு இரண்டு பூச்சு வெள்ளை. இடுப்பு நிமிரவில்லை.

நளி 27

அம்மையார் வேலை செய்யும் முறையை இன்று கண்டேன். நிழற்படம் வாங்கிப் படியெடுப்பவர் அல்லர். ஒவ்வொரு வீட்டிலும் அமர்ந்து உண்கிறார். கேட்பது ஒரே கேள்வி: “இன்று இந்தக் கதவைத் தட்டினால் அவர் எப்படி இருப்பார்?”

மிக்கேலம்மாள் வீட்டில் நான் மொழிபெயர்த்தேன். அவள் கேள்வியைக் கேட்டதும் கதவைத்தான் பார்த்தாள்.

“தாடி வளந்திருக்கும். மெலிஞ்சிருப்பாவ. கண்ணு உள்ள போயிருக்கும். வந்ததும் வராததுமா எம் பீடி எங்கன்னு கேப்பாவ. அந்த மூஞ்சியப் போடச் சொல்லும் ஓய்.”

அம்மையார் தாளில் கோடு போட்டார். மிக்கேலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“மூக்கு பெருசா இருக்கு.”

“உன் கணவர் மூக்கு பெரிதுதானே?” என்றேன்.

“பெருசுதான். அதுக்காவ இப்படியா? படகு கவுந்துரும்!”

திருத்திக் காட்டியபோது அவள் சிரிப்பு நின்றது. தாளிலிருந்த முகத்தைப் பார்த்து, “எங்கவே கெடந்தீரு இத்தன நாளா?” என்று அதட்டினாள். உண்மையான அதட்டல். அடுத்த அறையிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

ஏழு வீடும் முடிந்தபின் அம்மையார் என்னை நோக்கி, “எட்டாமவர்?” என்றார். பேரணி ஒன்றில் கைமுட்டி உயர்த்தி நிற்கும் படத்தை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இது பழைய முகம்” என்றார். எனக்கு மீனவர் சங்கத்தில் வேலை இருந்தது. வந்துவிட்டேன்.

நளி 29

செயற்குழு கூடியது. சுவரோவியத்தை முன்வைத்துப் பெருவிழா எடுப்பது என்று ஒருமனதான முடிவு. அறிக்கை எழுதும் பொறுப்பு, வழக்கம்போல் செயலாளனாகிய எனக்கு. ஒரே மூச்சில் எழுதினேன்: “கடல்வென்ற மறவர் எண்மர் – வீரவணக்கப் படத்திறப்பு விழா.” நாற்பது ஆண்டுகளாய் எத்தனை படத்திறப்பு மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! திரை விலகும், மாலை ஏறும், கூட்டம் குமுறி எழும், ஆட்சி அசையும். மாவட்ட உயர் அலுவலரே திரை விலக்க இசைந்துள்ளார். வரும் சிலைத் திங்கள் (மார்கழி) ஐந்தாம் நாள். எட்டு மாலைக்குச் சொல்லியாயிற்று.

மொழிநடையும் நன்றாகவே அமைந்தது.

சிலை 1 (மார்கழி)

சுவரொட்டிகள் ஊரெங்கும் ஒட்டப்பட்டன.

நண்பகலில் உண்ண அமர்ந்தேன். பெல்சியா வெளியிலிருந்து வந்தாள். கையில் பசை காயாத சுவரொட்டி, பாதி கிழிந்தது. அதை என் தட்டின் பக்கத்தில் விரித்துவைத்தாள். பிறகு சோறு போட்டாள்.

“யாருக்கு மாமா படத்தெறப்பு?”

“மக்கள் எழுச்சிக்கு அம்மா. ஒரு போராட்டத்துக்கு முகம் வேண்டும்...”

“மேடையில பேசுத மாரி எங்கிட்டப் பேசாதிய. படத்தெறப்புன்னா செத்தவங்களுக்குத்தான வைப்பாவ? இந்த ஊருல உசுரோட இருக்குத யாருக்காவது வச்சிருக்கியளா?”

சோற்றைப் பிசைந்தேன்.

“வயித்துல உங்க பேரப்புள்ளைய வச்சுக்கிட்டு, இன்னும் நெத்தியில பொட்டு வச்சுக்கிட்டு, தெனமும் வாசல்ல நிக்கேன். உங்க மவன நீங்களே பொதைக்கியளா மாமா?”

குழம்பில் உப்பு சற்றுக் கூடுதல். உண்டு முடித்துத் தட்டைக் கழுவிவைத்தேன்.

தனியொரு வீட்டின் கண்ணீருக்காக ஊர்ப்போராட்டத்தை நிறுத்துதல் முறையன்று. இதை அவளுக்கு எடுத்துரைக்கவேண்டும். நாளை.

சிலை 2

அலுவலரைக் காண ஒரு வேனில் சென்றோம்: நான், மிக்கேலம்மாள், படகோட்டிகளின் தலைவர் தொம்மை, இன்னும் சிலர். தேடலை மேற்கே திருப்புங்கள் என்பதே கோரிக்கை.

தொம்மைதான் விளக்கினார். “ஐயா, கொண்டல் காத்து கெழக்கேருந்து தள்ளுது. எஞ்சின் நின்ன படகு காத்துக்கு எதிரா ஏறிப் போகுமா? மேக்கதான ஒதுங்கும்? கெழக்க போய்த் தேடிட்டு இல்லங்கிய. எங்களுக்குக் கடலுக்குப் போக அனுமதியும் தரமாட்டங்கிய. உங்க கப்பலயாவது மேக்க அனுப்புங்க, இல்லன்னா எங்களயாவது விடுங்க.”

அலுவலர் பண்பானவர். எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். பின்பு மேசையிலிருந்து எங்கள் அறிக்கையை எடுத்தார். என் அறிக்கையை.

“நீங்களே வீரவணக்கம்னு போட்டு, படத்திறப்புன்னு அச்சடிச்சு, என்னையே அழைச்சிருக்கீங்க. ஊரே ஒப்புக்கிட்ட பிறகு நான் மேலிடத்துல எதைச் சொல்லிக் கப்பல் கேக்குறது? யாரைத் தேடச் சொல்றது? நீங்களே சொல்லுங்க ஐயா.”

அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கி, நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

ஊர் திரும்பினோம். வேம்பார் விலக்கில் ஓட்டுநர் தேநீருக்கு நிறுத்தியபோது மிக்கேலம்மாள் முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: “புயலு கூட என் வீட்டுக்காரர முடிக்கலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீரு ஒரு நோட்டீசுல முடிச்சிட்டீரு ஓய்.”

சிலை 3

காலையில் சுவருக்குப் போனேன். ஏழு முகங்களும் எழுந்து நின்றன. எவர் கழுத்திலும் நிமிர்வு இல்லை. எவர் விழியிலும் வீரம் இல்லை. உப்புப் பூத்த புருவம், வெடித்த உதடு, பசி. வீட்டை அடைய இன்னும் நான்கு எட்டே இருப்பவர்கள்போல் இருந்தார்கள். சூசையின் தாடி, போன கிழமையைவிட ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. நாள்தோறும் அம்மையார் வளர்த்துவருகிறார்.

நடந்ததைச் சொன்னேன். படத்திறப்பு என்றால் எங்கள் நாட்டில் என்ன என்பதையும் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கி மீன்பெட்டி ஒன்றின்மேல் அமர்ந்தார். ஆறுதல் சொல்வார் என்று எண்ணினேன்.

“இவர்கள் வீடு திரும்பும் வழியில் நீர் ஒரு கல்லறையைக் கட்டிவைத்திருக்கிறீர், மச்சாது” என்றார். “இடிக்க எத்தனை நாள் ஆகும்?”

“சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றால் ஊர் என்னை நம்பாது.”

“உம்மை நம்பவேண்டியது ஊரன்று.” வெறுமையாய் இருந்த எட்டாம் இடத்தைத் தூரிகைக் காம்பால் தட்டினார். “சொல்லும். இன்று கதவைத் தட்டினால் எப்படி இருப்பான்?”

நல்ல தமிழில் தொடங்கினேன், நா எழவில்லை. ஆங்கிலமும் வரவில்லை. பிறகு வீட்டுப் பேச்சில் பேசினேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் வரைந்தார்.

கதவத் தட்டமாட்டான். தோளால தள்ளிக்கிட்டுத்தான் வருவான். தாழ்ப்பாளு ரெண்டுதரம் கழண்டு விழுந்திருக்கு. மூக்கு உரிஞ்சிருக்கும். சின்னதுலேருந்தே வெயிலு பட்டா உரியும். தாடி சீரா வளராது. எடக் கன்னத்துல ஒரு சொட்ட. பசிச்சா கோவம் வரும். என்னப் பாத்ததும் “இன்னைக்கு எங்க மீட்டிங்கு?”ன்னு பல்லக் காட்டுவான்.

மூக்கையும் கன்னத்தையும் என் முகத்திலேயே தொட்டுக் காட்டினேன். ஊருக்கு ரெமி, எனக்கு நன்னன். என் மகன்.

முகம் எழுந்தபோது பின்னால் ஒரு குரல்: “தலமுடி இன்னும் கொஞ்சம் கலஞ்சிருக்கும் மாமா. சீப்பே வைக்கமாட்டாவ.” பெல்சியா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அம்மையாரின் கையிலிருந்து தூரிகையை அவளே வாங்கி, நெற்றியில் ஒரு மயிர்க்கற்றையை இழுத்துவிட்டாள். கோணலாகத்தான் வந்தது. அம்மையார் அதைத் திருத்தவில்லை.

சிலை 4

பசைவாளியும் வெள்ளைத்தாளும் சுமந்து, ஒட்டிய சுவரொட்டிகளின்மேல் நானே தாள் ஒட்டி மறைத்தேன். தேநீர்க்கடையில் இருந்தவர்கள், “அண்ணாச்சி, நாளைக்கு வேற யாருக்குப் படத்தெறப்பு?” என்று நக்கலடித்தார்கள். ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

செயற்குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். விழாவை நிறுத்தினால் சங்கத்துக்கு இழுக்கு என்றார்கள். “மேடை இருக்கும்; அலுவலரும் வரட்டும். இறந்தவர்க்கு எடுக்கும் விழா மட்டும் நடவாது” என்றேன். செயலாளர் பதவியைத் துறக்கச் சொன்னார்கள். துறந்தேன். எழுதிக் கொடுக்க இரண்டு வரியே ஆயிற்று.

தொம்மையிடம் எத்தனை படகு ஆயத்தமாய் இருக்கிறது என்று கேட்டேன். “அனுமதி வந்தா அத்தனையும்” என்றார். “வரலன்னா?” என்றேன். “கேட்டுப் பாரும் ஓய். நாளைக்கு மைக்கு உம்ம கையிலதான இருக்கும்?” என்றார்.

பூக்கட்டுபவர் மாலைகளைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். முன்னமே கட்டியாயிற்றாம்.

சிலை 5

மேடையின் ஓரத்தில் அமர்ந்து எழுதுகிறேன். இன்னும் கூட்டம் கலையவில்லை.

நடந்தது இது. அலுவலர் வந்தார். திரையின் கயிற்றைத் தேடினார், திரை இல்லை. ஓவியத்தின் முன்னால் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின்மேல், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தால்வா அம்மையார் சூசையின் தாடியை வளர்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க, மாலை போடணும்” என்றார் அலுவலர். நான் மொழிபெயர்த்தேன். அம்மையார் திரும்பவில்லை, “வேலை முடியவில்லை என்று சொல்லும்” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

முதல் மாலையைக் கையில் ஏந்தியபடி அலுவலர் அந்த எட்டு முகங்களையும் பார்த்தார். நன்னனின் உரிந்த மூக்கைப் பார்த்ததும், “இவங்க... இப்பத்தான் எடுத்த போட்டோவப் பாத்து வரைஞ்சதா?” என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற பெல்சியா சொன்னாள்: “இல்லீங்க ஐயா. இப்பம் இப்படித்தான் இருப்பாவ.”

அவர் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனார். இதோ, பேசி முடித்துத் திரும்பி வருகிறார். மேலிடத்தைக் கேட்டு நாளை சொல்வதாக அவர் முகமே சொல்கிறது. இந்தத் துறையில் நாளை என்ற சொல்லை அதிகம் விற்றவன் நான். அதன் முகம் எனக்குத் தெரியும்.

ஒலிவாங்கி முன்னால் போகிறேன். சொல்லப்போவதைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். இம்முறை பிசகக் கூடாது.

ஐயா, அமராதீர்கள். ஊர்மக்களே, நீங்களும் எழுந்து நில்லுங்கள். இங்கே படத்திறப்பு இல்லை. இங்கே இறந்தவர் எவரும் இல்லை. இறந்தார் என்று அச்சடித்தவன் நான். அந்த அச்சு பொய். சுவரிலிருப்பவர் எண்மரும் பசியோடு மேற்கே மிதந்துகொண்டிருக்கிறார்கள். எட்டாமவன் என் மகன் நன்னன். ஊர் அறிய இன்றுதான் அவன் பெயரைச் சொல்கிறேன். தன் தம்பிக்காக ஐம்பது ஆண்டுகளாய்த் தூரிகையைக் கீழே வைக்காத அம்மையார் இதோ நிற்கிறார். அவர் ஊரில் தேடப் படகு விட ஒருவரும் இல்லை. சுவர் மட்டுமே இருந்தது. நமக்குப் படகு இருக்கிறது. கண்ணெதிரே நிற்கிறது.

ஐயா, உங்கள் சட்டைப்பையில் எழுதுகோல் இருக்கிறது. கடலுக்குச் செல்லும் அனுமதியில் இந்த மேடையிலேயே கையொப்பம் இடுங்கள். இட்டால் உங்களை வணங்கிச் செல்வோம். இடாவிட்டால் வணங்காமல் செல்வோம். சிறையிலிட்டால், மீண்டு வந்து உங்களைக் காண்போம்.

தொம்மை! எஞ்சினை முடுக்கு! இளைஞர்களே, தண்ணீர்க் குடங்களை ஏற்றுங்கள்! தாய்மாரே, கஞ்சியைக் கட்டிக் கொடுங்கள்! கைதட்டாதீர்கள், கயிற்றை அவிழுங்கள்! மேற்கே செல்லுங்கள்! இப்போதே செல்லுங்கள்!